வரிசை நேராகத்தான் இருந்தது

பின்திரையில் வரைந்திருக்கும் ஏரியை ஒட்டி நிற்கும் கடைசி வரிசைக்கு அந்த பாலே அரங்கில் ‘தண்ணி ஓரம்’ என்று பெயர். பாலே பள்ளியை முடித்து வந்த நாள் முதல் ஆக்னியா நின்றது அங்கேதான். ஆவிகளின் தலைவியாக ஆட வேண்டியவள் கணுக்கால் வீங்கிப் படுத்துவிட, அந்தத் தனி நடனம் இன்று ஆக்னியாவுக்கு வந்திருந்தது.

“ஒரே தடவைதான் பார்ப்பேன்,” என்றாள் பயிற்சியாளர் ஃபைனா லிவோவ்னா. “அந்தக் கடைசித் தாவல்ல வீச்சு இல்லேன்னா திரும்பவும் தண்ணி ஓரம். கிழவியாகிற வரைக்கும் அங்கேயே நில்லு.”

ஒப்பனை அறையில் பெண்கள் வெள்ளைப் பாவாடைகளுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மகாராணி வந்தாச்சு, எந்திரிங்கடி,” என்றாள் வரிசையின் தலையில் நிற்கும் தமாரா. “இத்தனை நாளா எங்க தோளைப் பாத்துத்தான் காலை வச்சே. இன்னிக்கு யாரைப் பாப்பே?”

“தன்னையேதான்!” என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். பள்ளி விடுதியிலிருந்து இன்றுவரை ஆக்னியாவுடன் ஒரே அறையில் குடியிருக்கும் ரிம்மாவும் சிரித்தாள்.

இரண்டாம் அங்கத்தில் ஆவிகள் இருபுறமும் வரிசையாக ஒற்றைக் காலில் உறைந்து நின்றார்கள். நடுவே விட்ட வழியில் தலைவி மேடையைக் குறுக்காகத் தாவிக் கடக்க வேண்டும். ஆக்னியா முதல் தாவலுக்கு எழுந்தபோது தமாரா நின்ற காலிலேயே அரையடி உள்ளே நகர்ந்தாள். அவள் தோளைப் பார்த்து அடுத்தவள். அப்படியே கடைசியில் நின்ற ரிம்மா வரை. அரங்கிலிருந்து பார்த்தால் வரிசை நூல் பிடித்ததுபோல் இருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. தாவி இறங்கத்தான் இடமில்லை.

வரிசையிலேயே வளர்ந்த கண் அதை உடனே கண்டுகொண்டது. கடைசித் தாவலைக் குறைத்தால் தண்ணி ஓரம். முழுதாகத் தாவினால் கால் இறங்குமிடம் ரிம்மாவின் பாதம். ரிம்மாவுக்கும் அது தெரிந்துவிட்டது, கண்கள் விரிந்தன. ஒருத்தி மட்டும் பின்வாங்கினால் வரிசை கோணிவிடும்; ஃபைனா லிவோவ்னா பார்த்துவிடுவாள். ரிம்மா பின்வாங்கவில்லை.

ஆக்னியா முழுதாகத் தாவினாள்.

ரிம்மாவின் எலும்பு நொறுங்குவது உள்ளங்காலில் தெரிந்தது. அவள் தடுமாறவில்லை. கைதட்டல் எழுந்தது. திரை விழும்வரை ரிம்மா அதே காலில் நின்றாள். கண்மை மட்டும் கன்னத்தில் கரைந்து வழிந்தது.

திரை விழுந்ததும் ஃபைனா லிவோவ்னா வந்தாள். “நல்லா இருந்துச்சு. இனிமே இது உன்னோடது, ஆக்னியா. வரிசையும் சுத்தம், பிள்ளைங்களா.” அதன் பிறகுதான் தரையில் சரிந்து கிடந்தவளைப் பார்த்து, டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள்.

உடைக்காரி ரிம்மாவின் காலணியைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தமாரா இல்லை.

“நான் நகரவே இல்ல,” என்றாள் ரிம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. “பாத்தியாடி?”

“அதுக்கு முன்னாடி நகந்தியே,” என்றாள் ஆக்னியா. திரைக்கு வெளியே ரசிகர்கள் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாவாடையை நீவிவிட்டுத் தலைவணங்கப் போனாள்.