காணாமல் போன எல்லைக்கோடு

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது சும்மா சொன்ன பேச்சா என்ன? பாவம் கீரனூர் இலக்கியாவுடையது. பழியைச் சுமந்தவர் ஜெகதாப்பட்டினத்துப் படகு டிரைவர் ஆனந்தராஜ்.

இலக்கியா வேலை பார்த்த திருச்சிக் கம்பெனி, விசைப்படகுகளுக்காக ஒரு கடல் வரைபடச் செயலி செய்து, நாற்பது படகுகளுக்கு டேப் என்கிற கைத்திரைக் கணினியோடு கொடுத்திருந்தது. படகு ஒரு பச்சைப் புள்ளி. நாட்டு எல்லை ஒரு சிவப்புக் கோடு. தாண்டினால் அந்தக் கரை நேவி பிடித்துக்கொண்டு போய்விடும். அந்தக் கோட்டை வரைந்த மகராசி இலக்கியாதான்.

ஒரு மாதத்துக்கு முன் ஆனந்தராஜ் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "பாப்பா, நேத்துக் கடல்ல கோடு தெரியலையே, என்னன்னு பாரும்மா." இவள் தன் போனில் திறந்து பார்த்தாள். கோடு ஜம்மென்று இருந்தது. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே' என்று தட்டிவிட்டு, புகாரை 'பயன்படுத்துபவர் தவறு' என்று மூடிவிட்டு, கீரனூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஆகா, என்ன அக்கறை!

போன வாரம் அவர் படகு எல்லையைத் தாண்டிவிட்டது. நேவி துரத்தி வலையை அறுத்தது. படகில் இருந்த நாலு பேரும் உயிரோடு கரை சேர்ந்ததே பெரிது. ஒருத்தன் தாண்டினால் துறைமுகத்துக்கே வம்பு. ஆகவே தாண்டியவனுக்கு மூன்று மாதம் கடல் கிடையாது என்பது படகுச் சங்கத்தின் கட்டுப்பாடு. கோடு தெரியவில்லை என்று ஆனந்தராஜ் தலையில் அடித்துச் சொன்னார். யார் நம்பினார்கள்? "எறால் ஆசைல போயிட்டு மெஷின் மேல பழியப் போடுறான்" என்றது ஊர்.

சனிக்கிழமை பகலில் சங்கத்தில் விசாரணை. டேப்பைச் சோதித்துப் பதில் சொல்ல இலக்கியாவை அனுப்பினார் முதலாளி ரகுநாத். "டேப் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அந்தக் குரலை மறுபடி கேட்க அவளுக்குத் துணிவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

சங்கத் தலைவர் ஆத்மநாதன் டேப்பை மேசையில் வைத்தார். எதிரே ஆனந்தராஜும் அவர் மனைவி சந்தனமேரியும். இலக்கியா திறந்தாள். கோடு இருந்தது! அப்பாடா என்றது மனசு. சீ, இதற்கா சந்தோஷப்படுகிறாய் என்று தன்னையே ஏசிக்கொண்டு, இன்டர்நெட்டை அணைத்துப் பார்த்தாள், நிறத்தை மாற்றிப் பார்த்தாள், வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு அசையவில்லை.

"பாத்தியாப்பா, இருக்குல்ல?" என்றார் தலைவர். சந்தனமேரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்படியா நாங்க வச்சுப் பாப்போம்? இங்கிட்டுக் குடும்மா." ஆனந்தராஜ் டேப்பை வாங்கி, இரண்டு விரலால் வரைபடத்தைச் சுருக்கினார். துறைமுகம் திரையின் ஓரத்தில் வரும்வரை சுருக்கினார். "கரை ஒரு ஓரத்துல தெரியணும்மா. அது இல்லாம எப்படி ஓட்டுறது?"

கரை தெரிந்தது. கோடு இல்லை.

இலக்கியாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோடு ஒட்டிவைத்த படம் அல்ல. 'இங்கிருந்து அங்கே, இவ்வளவு தடிமனில் ஒரு கோடு வரை' என்ற கட்டளை. செயலிக்குள் இருக்கும் பிரவுசர்தான் அதை வரைகிறது. வரைபடம் எவ்வளவு சுருங்கினாலும் தடிமன் குறையக் கூடாது என்று அவள் எழுதியிருந்தாள். அவளுடைய புது போன் கேட்டுக்கொண்டது. டேப்பின் பழைய பிரவுசருக்கு அந்த வரி புரியவில்லை. வரைபடத்தோடு கோட்டையும் சுருக்கி, மயிரிழையாக்கி, இல்லாமலே செய்துவிட்டது. அதே மாதிரி டேப் ஒன்று அவள் மேசை டிராயரிலேயே கிடந்தது. ஒரு நாள் எடுத்துப் பார்த்தாளா பாவி?

"என்னம்மா, மெஷின் தப்பா, இவன் தப்பா?" என்றார் தலைவர்.

இப்படிச் சுருக்கிப் பார்க்கக் கூடாதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். வேலையும் போகாது. சொல்ல வாய் வரவில்லை.

"என் தப்புங்க. அண்ணன் ஒரு மாசம் முந்தியே சொன்னாரு. நான்தான் சரியாப் பாக்கல."

"ஒரு மாசமாவா?" சந்தனமேரி எழுந்துவிட்டார். "ஏன் தாயி, அன்னைக்கே பாத்திருந்தா எம்புருசன ஊரே பொய்யன்னு சொல்லிருக்குமா?"

இலக்கியா அழுதாள். ஆனந்தராஜ் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவரோ தலைவரிடம் திரும்பினார்.

"என் தடை கெடக்கட்டும். இன்னைக்கு எத்தன போட்டு கடலுக்குள்ள போயிருக்கு?"

"ஒன் போட்டத் தவிர எல்லாமே."

எல்லாவற்றிலும் அதே டேப். அவர்களும் தாண்டிவிடலாம் என்று இலக்கியாவுக்குத் தோன்றவே இல்லை. ஆனந்தராஜ், படகுகளோடு பேச மேசையில் இருந்த வயர்லெஸ் மைக்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டானுங்க."

அவள் மைக்கின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். "நான் இலக்கியா பேசுறேன், கோடு போட்டவ. கோட்ட நம்பாதீங்க, சுருக்கினா மறைஞ்சுரும். ஆனந்தராஜ் அண்ணன் சொன்னது நெசம். தப்பு என்னோடது."

பட்டனை விட்டாள், வயர்லெஸ் இரைந்தது. அப்புறம் கடலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க டேப்லயும் தெரியல தாயி. ஆனந்தராஜு சொன்னப்பவே தெரியும். ஆமான்னு சொன்னா எங்களையும் கடலுக்கு விடாம நிறுத்திருவாகன்னு பேசாம இருந்துட்டோம்."

"எங்களுக்கும்தான்" என்றது இன்னொரு படகு. அடுத்து இன்னொன்று.

ஆனந்தராஜ் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, விம்மி விம்மி அழுதார். இலக்கியாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.