வெள்ளையடித்த அடுப்பு

ஈய உருக்காலையின் புகைபோக்கியை வெடி வைத்துத்தான் சாய்ப்பார்கள் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. ஆலை மூடிப் பதினோரு வருடம். அத்தனை வருடமும் வேலைவெட்டி இல்லாமல் நின்றுகொண்டிருந்த அது ஒரே நொடியில் மண்ணில் விழுவதைப் பார்க்க, மாடியில் யார் நாற்காலி எங்கே என்பதுவரை சண்டை போட்டு முடிவாகியிருந்தது. சோளக்கதிர் விற்கிற ஹசிந்தோ அன்றைக்கென்று இரண்டு மூட்டை கூடுதலாகச் சொல்லிவைத்திருந்தான்.

கடைசியில் பார்த்தால், வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் உச்சிக்கு ஏறி, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, தண்ணீர் தெளித்து, புகைபோக்கியின் வயிற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். ஒரு வாரத்துக்கு ஓர் ஆள் உயரம் குறைந்தால் பெரிது. வெடித்தால் உள்ளே படிந்திருக்கிற ஈயத்தூள் அத்தனையும் ஊர்மேல் இறங்கும் என்று இஞ்சினியர் ஒத்தில்யா கூட்டம் போட்டு விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நாற்காலிகளை மட்டும் ஒரு மாதத்துக்கு யாரும் கீழே இறக்கவில்லை.

எத்தெல்வினாவுக்கு அந்த ஏமாற்றம் இல்லை. அவளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைத்திருந்தது. ஆலையை இடிப்பதோடு ஒத்தில்யாவின் வேலை முடியவில்லை; ஆலையிலிருந்து வீடுகளுக்குள் வந்துவிட்ட சாமான்களையும் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தெருவில் வராத வீடு எது? புகை வடிகட்டின பைகள் நல்ல கெட்டித் துணி. அதைத் துவைத்துப் போர்வையாகத் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. உலைக்கழிவின் கறுப்புச் சல்லியை முற்றத்தில் பரப்பியவர்கள் உண்டு. இப்போது கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, எத்தெல்வினா இருக்கும்போது. காலையில் ரொட்டி கொடுக்கப் போகிறவள் எந்தக் கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலா வருவாள்? ஒத்தில்யாவுக்கு ஒரு கோப்பை காப்பியை ஊற்றிக் கொடுத்து, வீடு வீடாக ஒப்பித்துவிட்டாள். புண்ணியம் என்றுதான் நினைத்தாள். கொஞ்சம் ருசியாகவும் இருந்தது என்பதை அவளே மறுக்கமாட்டாள்.

ரெமிகியாவின் வீட்டைக்கூட விடவில்லை. ரெமிகியாவின் மகள் நெரெய்தாவுக்கு ஞானஸ்நானத்தன்று ஞானத்தாயாக நின்றவள் எத்தெல்வினா. எட்டு வருடமாக அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லாமல் ‘கொமாத்ரே’ என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மாவுக்கும் ஞானத்தாய்க்கும் இடையில் அதுதான் மரியாதை. அந்த உறவையும் பார்க்காமல், குழந்தை போர்த்துகிற போர்வை வடிகட்டித் துணி என்று போய்ச் சொன்னாள். பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்ததில் நெரெய்தாவுக்குத்தான் தெருவிலேயே அதிகமாக ஈயம். ஐந்தைத் தாண்டினாலே கவலை என்றார்கள், அவளுக்குப் பத்தொன்பது. பெயரெழுத இன்னும் தடுமாறுகிற பிள்ளை. அதை ரெமிகியா வழியில் வந்த மந்தம் என்று முன்பு நாலு வீட்டில் சொல்லியிருந்தவளும் எத்தெல்வினாதான்.

போர்வை போனது. முற்றத்து மண்ணை முழங்கால் ஆழம் வெட்டி எடுத்து, கீழே ஆரஞ்சு நிற வலை விரித்து, மேலே ஆற்றங்கரை மண் கொட்டினார்கள். வலை தெரிந்தால் அதற்குக் கீழே தோண்டக்கூடாது என்று அடையாளம். ரெமிகியா தன் பங்குக்குப் பாத்திரங்களைத் தூக்கிப் போட்டாள், சுவரைச் சுரண்டிக் கழுவினாள்.

எத்தெல்வினாவின் வீட்டுக்கும் கருவி வந்தது. பார்க்கக் கைத்துப்பாக்கிதான், எதில் வைத்து அழுத்துகிறார்களோ அதிலுள்ள ஈயத்தை எண்ணாகக் காட்டும். தரை, வாசல்படி, கோழிக்கூடு எல்லாம் பார்த்துவிட்டு, முற்றத்து ரொட்டி அடுப்பின் முதுகிலும் வைத்தார்கள். மண்பூச்சுக்குமேல் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து, முட்டை ஓடு மாதிரி வெளுத்திருந்தது அது. எண் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை.

“சுத்தமா இருக்கு, தோன்யா எத்தெல்வினா” என்றாள் ஒத்தில்யா, மரியாதையாக.

“என் வீட்டுல என்னைக்கும் அப்படித்தான், இஞ்சினியரம்மா.”

சுண்ணாம்புக்கும் மண்ணுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று ஒத்தில்யா கேட்கவில்லை. எத்தெல்வினாவும் சொல்லவில்லை.

உலைக்காரனைக் கட்டிக்கொள்கிற பெண்ணுக்கு அவன் தன் உலையின் கல்லில்தான் அடுப்புக் கட்டித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. உலைக்கு உள்பூச்சு மாற்றும்போது பழைய நெருப்புச் செங்கற்களைக் குவித்துப் போடுவார்கள். எத்தெல்வினாவின் புருஷன் பிதென்சியோ நாளைக்கு ஒன்றாகச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஏழு மாதம். இருநூற்றுப் பன்னிரண்டு கல் சேர்ந்த பிறகுதான் பாதிரியாரிடமே போனார்கள். மற்ற வீடுகளில் எரிவாயு வந்ததும் அடுப்பை இடித்துவிட்டார்கள். பிதென்சியோ இறந்துபோன பிறகு எத்தெல்வினாவுக்குச் சோறு போட்டதே அந்த அடுப்புதான். தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சோம்பு போட்ட செமித்தா ரொட்டி இல்லாமல் பொழுது விடியாது. விஷம் மண்ணில் இருக்கும், துணியில் இருக்கும்; அத்தனை வருடம் வெந்த கல்லில் என்ன மிச்சமிருக்கப்போகிறது? உலைக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் பேசுவார்கள். நெருப்பில் போனது சுத்தம். அவளும் கேள்வி கேட்டதில்லை.

டிசம்பரில் நெரெய்தாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பதினெட்டு. சரி, மெல்லத்தான் இறங்கும் என்றார்கள். மூன்று வாரம் கழித்து, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின வாரம், இன்னொரு தடவை எடுத்தார்கள். இருபத்திரண்டு.

அன்றைக்கு எத்தெல்வினா திருநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பெரிய வளையமாகச் சுட்டு, உள்ளே சின்ன பொம்மை ஒன்றை ஒளித்துவைக்கிற ரொட்டி. நாற்பத்தொரு வீடு சொல்லியிருந்தது. ஒத்தில்யா தோளில் கருவிப் பையோடு வந்து கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. அந்த வீட்டில் இனிக் கழுவ ஒன்றுமில்லை, அந்தத் தாய் சுவரைக் கழுவிக் கழுவிக் கையே புண்ணாகிக் கிடக்கிறாள், என்றாள். ராத்திரி தூங்கும்போது பிள்ளை மூச்சுவிடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாளாம்.

“இந்தத் தெருவுல உங்களுக்குத் தெரியாதது இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பிள்ளை வேற எங்க போவுது, என்ன திங்குது? யோசிச்சுச் சொல்லுங்களேன்.”

யோசிக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் பிள்ளை இந்த முற்றத்துக்கு வரும். ஞானத்தாய் முதல் சூட்டில் எடுத்த ரொட்டியின் அடிப்பாகத்தைப் பிய்த்துக் கொடுப்பாள். கருகின அடிதான் அதற்குப் பிடிக்கும். விடுமுறை விட்ட மூன்று வாரமாக இரண்டு வேளையும் வந்தது. அடுப்பின் முதுகுக்குத்தான் சுண்ணாம்பு. உள்தரை வெறும் கல். ரொட்டி நேராக அதன்மேல்தான் வேகும். துடுப்பைப் போட்டு இழுக்கும்போதெல்லாம் கல் கொஞ்சம் உதிரும். சாம்பல் என்று ஊதிவிடுவாள்.

“தெரியலையே, இஞ்சினியரம்மா” என்று சொல்ல வாயைத் திறந்தாள். அது அவ்வளவு சுலபமான வாக்கியம். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் அதைத்தான் இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள்தான் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாவுக் கையோடு எழுந்தாள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியை எடுத்து அடுப்பின் தோள்பட்டையில் ஓங்கி அடித்தாள். சுண்ணாம்பு விழுந்தது, மண் விழுந்தது. மூன்றாவது அடியில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு கல், ஆலையின் முத்திரையோடு எட்டிப் பார்த்தது. ஒத்தில்யா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். தூசி கிளப்பக்கூடாது.

“இங்க வெச்சுப் பாருங்க” என்றாள் எத்தெல்வினா. “அப்புறம் உள்ள, தரையில வெச்சுப் பாருங்க.”

உள்தரையில் வைத்தபோது எண் ஏறிக்கொண்டே போனது. ஒத்தில்யா கருவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

பிசைந்த மாவையும் சேர்த்துத்தான் எடுத்துப்போனார்கள். மறுநாள் வெள்ளை உடுப்புக்காரர்கள் முற்றத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை கட்டி, கல்லை நனைத்து நனைத்துப் பெயர்த்தார்கள். ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டி, மூடி போட்ட பீப்பாயில் அடுக்கினார்கள். எத்தெல்வினா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிதென்சியோ ஏழு மாதம் சுமந்து வந்தது மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

தெரு முழுக்கத் திரைக்கு வெளியே கூடி நின்றது. யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. எல்லா வீட்டிலும் அவள் ரொட்டிதான் போயிருக்கிறது. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் சோதனைக் காகிதத்தை எடுத்து மறுபடி பார்த்திருப்பாள்.

சாயங்காலம் ரெமிகியாவின் கதவைத் தட்டினாள். செய்தி ஏற்கெனவே வந்துசேர்ந்திருக்கும். அவள்தான் அந்தத் தெருவை அப்படிப் பழக்கியிருந்தாள். ஆனாலும் இதை வேறொருவர் வாயில் விட்டுவிட முடியாது. வாசலில் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள், மந்தம் என்று நாலு வீட்டில் பேசியதையும் விடாமல்.

ரெமிகியாவின் கைகள் சோப்பில் வெடித்துக் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“போர்வையப் பத்திப் போய்ச் சொன்னதும் நீதானே?”

“ஆமா.”

“அன்னைக்கு உன் அடுப்புல கல்லு இருந்தது உனக்குத் தெரியும்.”

“தெரியும். வெஷம்னு தெரியாது. கல்லுன்னு தெரியும்.”

“போ, எத்தெல்வினா” என்றாள் ரெமிகியா. எட்டு வருடத்தில் பெயர் சொன்னது அதுதான் முதல் தடவை. கதவை அறையவில்லை; மெதுவாகத்தான் சாத்தினாள்.

அந்த வருடம் திருநாள் ரொட்டி பெரிய ஊர்க் கடையிலிருந்து அட்டைப் பெட்டியில் வந்தது. எத்தெல்வினாவுக்கு ஒத்தில்யா ஆலை வாசலில் வேலை போட்டுக் கொடுத்தாள். வெளியே போகிற லாரிகளின் சக்கரத்தைக் கழுவிய பிறகுதான் தடுப்பைத் தூக்க வேண்டும். யாருக்காகவும் தூக்கமாட்டாள். அவசரம் என்று ஹாரன் அடித்த ஓட்டுநரை இரண்டாம் தடவை கழுவவைத்ததாகப் பேச்சு. பேசியவர்கள் மற்றவர்கள்; அவள் காலையில் வருவாள், சாயங்காலம் குளித்துவிட்டு உடை மாற்றிப் போவாள், எந்த வீட்டுப் படியிலும் நிற்கமாட்டாள்.

மே மாதம், புகைபோக்கி இருந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. வாசலுக்குச் சோளக்கதிர் விற்க வந்த ஹசிந்தோ பேச்சுவாக்கில் சொன்னான்: “நெரெய்தாவுக்கு ரத்தத்துல இப்பப் பதினொண்ணுதானாம். பத்து நாளாச்சே, உங்களுக்குத் தெரியாதா?”

தெருவில் ஒரு செய்தி எல்லோருக்கும் கடைசியாக அவளுக்கு வந்துசேர்ந்தது. இன்னும் ஐந்துக்கு இறங்க எத்தனை மாதமோ. இறங்கினாலும் அந்தப் பிள்ளை இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்று ஒத்தில்யாவாலும் சொல்ல முடியாது. எத்தெல்வினா கதிருக்குக் காசைக் கொடுத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. குழாயை எடுத்துக்கொண்டு எழுந்து போய், பின்சக்கரத்தின் உள்பக்கம்வரை குனிந்து பார்த்தாள்.

கேட்ட செய்தியை அவள் யாரிடமும் கொண்டுபோகவில்லை.