மீட்பு முதலில்

இறையியல் கல்லூரி முதல்வர், அங்கேயே பாடம் நடத்தும் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதனால்தான் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார்.

"இயேசு காலத்து யூதர்கள் நற்செயல் செஞ்சே பரலோகத்தை வாங்கப் பாத்தாங்கன்னுதானே நம்ம தாத்தா காலத்துலேர்ந்து பிரசங்கம் பண்றோம்? நீ வகுப்புல அது பொய்னு சொல்றியாமே!"

"பொய்தான் அண்ணே. அவங்க ஜெபங்களைப் படிச்சுப் பாருங்க. கடவுளோட இரக்கத்துக்குத்தான் கெஞ்சுறாங்க. கூலி கேக்கல."

"அப்போ நற்செயலால இல்ல, விசுவாசத்தாலதான் நீதிமான் ஆகுறோம்னு பைபிள்ல பவுல் யாருக்குச் சொன்னார்?"

"யூதரா மாறினாத்தான் சபையில சேத்துக்குவோம்னு மத்த இனத்தவங்களை வாசல்லயே நிறுத்தினவங்களுக்கு. நம்ம உபதேசம் உசந்து தெரியணும்னு அடுத்த வீட்டுக்காரன் மேல சேறு பூசணுமா?"

அண்ணனுக்கு முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். மறுநாளே பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்களை நடத்தும் வகுப்பு அவள் கையை விட்டுப் போனது. முதலாண்டு மாணவர்களுக்கு யூதர்களின் வேதமொழியான எபிரெயத்தின் அரிச்சுவடி சொல்லித்தரும் வேலை தலையில் விழுந்தது. அதில் என்ன வம்பு வளர்த்துவிட முடியும் என்று அண்ணன் நிம்மதியாக இருந்தார்.

எழுத்துகள் முடிந்து வாக்கியம் படிக்கும் நாள் வந்தது. கடவுள் யூதர்களுக்குக் கொடுத்த பத்துக் கட்டளைகள் உள்ள பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். தொடக்கத்தில் கட்டளையே இல்லை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தவர் நான்தான் என்று கடவுள் முதலில் சொல்லிக்கொள்கிறார்.

"அப்போ மீட்பு முதல்ல, சட்டம் அப்புறமா மேடம்?" என்றாள் ஒரு மாணவி.

ஜன்னலுக்கு வெளியே அண்ணன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

"ஆமாம்மா. எல்லாரும் இன்னொரு தடவை சத்தமா வாசிங்க."