நடக்காத நடை

விடுதித் துணிகள் வந்து குவியும் அந்தச் சலவைக்கூடத்தில், தலையணை உறை மடிக்கிற மேசை ஒன்றுதான் ஈரம் படாத இடம். மார்பில் புற்றுக்கு அறுவை முடிந்து, மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, தலையில் முடி முளைத்ததும் வேலைக்குத் திரும்பியவளை அங்கே உட்கார்த்தியிருந்தார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த வலது கையால் பாரம் தூக்கக்கூடாது, தூக்கினால் வீங்கும், வீங்கினால் லேசில் வற்றாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் உறைகளை இடது கையாலேயே உதறப் பழகிக்கொண்டாள்.

கம்பெனி செலவில் அவளுக்கு ஒரு நலப் பயிற்சியாளரும் உண்டு. நேரில் பார்த்ததில்லை, போனில் வரும் குரல்தான். நடையை எண்ணும் பட்டை ஒன்றை அனுப்பி இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னதும் அந்தப் பெண்தான்.

"அக்கா, எங்ககிட்ட இருக்கிறவங்கள்லயே நீங்கதான் அதிகமா நடக்கிறீங்க!"

"நான் எங்கம்மா நடந்தேன்? உக்காந்து உறை மடிக்கிறேன்."

"அடக்கத்தைப் பாரு!" குரல் சிரித்தது. "காய்கறி சாப்பிடுங்க. நல்லா தூங்குங்க. கவலையே படக்கூடாது, சரியா?"

விஷயம் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு உதறலையும் பட்டை ஓர் அடியாக எண்ணியிருக்கிறது. எதிரே உட்கார்ந்து மடிக்கும், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உக்காந்த இடத்துலயே ஊரைச் சுத்திட்டியே அக்கா!"

மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். "ஆபீஸ்ல உன்னைப் பத்திதான் பேச்சு. ஆம்பளைங்களே இவ்வளவு நடக்கலையாம். உடம்பு தேறிடுச்சுல்ல, நாளையிலேர்ந்து ஈரப் பக்கம் போயிடு."

"ஐயோ சார், இது நடையே இல்ல. பாருங்க." அவர் கண்முன்னாலேயே ஓர் உறையை உதறிக் காட்டினாள். பட்டையில் எண் ஏறியது. அவரும் பார்த்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மெஷின் பொய் சொல்லுமா?"

"அப்ப டாக்டர் பொய் சொல்றாரா?"

"உனக்குக் கம்பெனி எவ்வளவு செஞ்சிருக்கு, கொஞ்சமாவது நன்றி வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கண்ணால் பார்த்தும் இல்லை என்கிறவனிடம் என்னத்தைப் பேசுவது? வேலையை விட்டால் அடுத்த மாத்திரைக்கு வழியில்லை. போனாள்.

ஈரப் பக்கத்தில் நனைந்த போர்வைகள் சலவை மெஷினிலிருந்து முறுக்கிப் பின்னிக்கொண்டு வெளியே வரும். ஒற்றைக் கைக்கு அசைந்து கொடுக்காது. முதலில் முழங்கையை முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். பிறகு வலது கையையும் போட்டு இழுத்தாள்.

அந்த வாரக் கடைசியில், உடை மாற்றும் அறையில் இருந்தபோது போன் அடித்தது. நெட்டை அதை எடுத்து அவள் காதில் வைத்துத் தோளோடு இடுக்கிவிட்டாள்.

"என்னக்கா, நடை ஒரேயடியா குறைஞ்சு போச்சே? எல்லாருக்கும் உங்களைத்தான் உதாரணமா சொல்லிட்டிருந்தேன்!"

"என்னை ஈரப் பக்கம் போட்டுட்டாங்கம்மா. கை..."

"சாக்கு சொல்லக்கூடாதுக்கா. சோம்பல் வந்தா விடாது. கையை நல்லா வீசி நடங்க!"

நெட்டை கத்தரிக்கோலை எடுத்து, இறுகிப்போய்க் கழற்ற வராத சீருடையின் வலது கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெட்டித் திறந்துகொண்டிருந்தாள்.