பாறைமேல் உட்கார்ந்த மேடை

தண்ணீர் வடிகிற காலத்தில் மிதவை மேடையைப் பார்த்துக்கொள்வது கறவை மாட்டைப் பார்த்துக்கொள்வது மாதிரி. ஒரு நாள் கூட மறக்கக் கூடாது. ஏரி ஓர் அடி இறங்கினால் மேடையையும் அதற்குத் தக்கபடி கரையிலிருந்து தள்ளிவிட வேண்டும். மரங்களில் கட்டிய கம்பி வடங்களை வின்ச் உருளையைச் சுழற்றித் தளர்த்தி, நீளக் கழியை ஊன்றித் தள்ளி, ஆழத்துப் பக்கத்து வடத்தை மறுபடி இறுக்க வேண்டும். மிஞ்சிப்போனால் அரைமணி நேர வேலை. சோம்பல்பட்டு விட்டால் மேடை தரைதட்டி முதுகு ஒடிந்துபோகும். அந்த ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இது தெரியும். ராய்ஸ் டாக்கெட்டுக்கும் தெரியும். தெரிந்தேதான் மூன்று நாள் தள்ளாமல் விட்டான்.

மேடை அவனுடையதல்ல, டெல்மர் சைஸ்மோருடையது. இருபத்தாறு வருஷம் இருவரும் ஒரே சுண்ணாம்புக்கல் குவாரியில் மாரடித்தவர்கள். ராய்ஸ் லாரி ஓட்டினான், டெல்மர் பாறையில் துளைபோடும் இயந்திரத்தில் நின்றான். லாரிக்குக் கண்ணாடி இருந்தது, இயந்திரத்துக்கு இல்லை. தூசி முழுக்க டெல்மரின் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. இப்போது படகில் காலெடுத்து வைக்கக்கூட அவனுக்கு மூச்சு பத்தாது. பழைய பிக்கப் வண்டியின் சீட்டைக் கழற்றி மேடைப் பலகையில் போல்ட் போட்டு முறுக்கி, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரை நிறுத்திவைத்துக்கொண்டு, நாளெல்லாம் அங்கே உட்கார்ந்து கிராப்பி மீன் பிடிப்பான். உலகத்தில் அவனுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு இடம்தான்.

அக்டோபரில் நெஞ்சில் சளி கட்டி அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனைவி ஓனாவும் கூடப் போனாள். வண்டியில் ஏறுமுன் ராய்ஸைக் கூப்பிட்டு மேடையை ஒப்படைத்தான்.

"அணைக்காரனுங்க தினம் ஒரு அடி தண்ணிய இறக்குவானுங்கடா. உள்பக்க மூலைக்குக் கீழ பாறைத் திட்டு இருக்கு, அத மட்டும் மறந்துராத. மத்தபடி மீனெல்லாம் நீயே எடுத்துக்க. உனக்கு எங்க சிக்கப்போவுது."

முதல் நான்கு நாள் ராய்ஸ் ஒழுங்காகத்தான் தள்ளினான். ஐந்தாம் நாள் புதன்கிழமை. காலையில் தன் படகில் வந்தவன், வின்ச்சில் கை வைக்குமுன் சும்மா ஒரு தரம் தூண்டில் போட்டுப் பார்ப்போமே என்று நினைத்தான். அங்கே பிடித்தது சனி.

மேடையின் பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஈயக்குண்டு கோத்த முள்ளை இடது கையில் பிடித்து இழுத்து, கோலை வில்லாய் வளைத்துச் சட்டென்று விட்டால், கவண்கல் மாதிரி அது தண்ணீரை உரசிக்கொண்டு மேடைக்கு அடியில் இருட்டுக்குள் பாயும். பிறகு அதைத் தானாக மூழ்கவிட வேண்டும். ராய்ஸ் மனசுக்குள் எண்ணினான். பன்னிரண்டு வந்தபோது நூல் லேசாகத் துடித்தது. வெடுக்கென்று இழுத்தால் கிராப்பியின் வாய் காகிதம்போல் கிழிந்துவிடும். மெல்லத் தூக்கினான். வெள்ளி உடம்பில் கரும்புள்ளி தெளித்த, உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்த மீன். மறுபடி விட்டான், மறுபடி ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாய் வந்துகொண்டே இருந்தன. முக்கால் மணி நேரத்தில் இருபது. சட்டப்படி ஓர் ஆள் ஒரு நாளைக்கு அவ்வளவுதான் எடுக்கலாம்.

மேடையை நகர்த்தினால் வின்ச் கறகறக்கும், சட்டம் முனகும், நிழல் இடம் மாறும். மீன் கூட்டம் கலைந்தால் திரும்பச் சேர ஒரு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமையோ சர்ச்சில் மீன் விருந்து. பதினைந்து வருஷமாக அந்த விருந்துக்கு டெல்மர்தான் மீன் கொடுத்தான். இந்த வருஷம் யார் என்று பாஸ்டர் கேட்டபோது, ஒருவரும் தன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கண்டு ராய்ஸ் எழுந்து, "நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டிருந்தான். அறுபது மீனாவது வேண்டும். மூன்று நாள்.

திட்டுக்கு மேல் இன்னும் தண்ணீர் இருக்கிறது, நாளைக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று புதன்கிழமை போனான். வியாழக்கிழமையும் அதையே சொல்லிக்கொண்டான். வெள்ளிக்கிழமை கழியை விட்டு ஆழம் பார்க்கவே இல்லை. பார்த்தால் தள்ளவேண்டி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அன்றிரவு காற்று வேறு அடித்தது. சனிக்கிழமை காலையில் வந்தால் மேடையின் உள்பக்கம் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது, வெளிப்பக்கம் தண்ணீரோடு கீழே தொங்கியது. சட்டத்தின் வெல்டிங் மூன்று இடத்தில் விட்டுப்போய், மிதவைகள் பிளந்து, பலகைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. ராய்ஸ் படகில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்தான். ஆழத்துப் பக்கத்து வடத்தைக் கவ்விப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றி, நுனியைத் தண்ணீரில் நழுவவிட்டான். இனிப் பார்க்கிறவனுக்கு, காற்றில் வடம் பிடுங்கிக்கொண்டு மேடை கரைக்கு அடித்துக்கொண்டு போனது போலத்தான் தெரியும். ஸ்பானரைத் துடைத்து, வழக்கம்போல் அதன் பெட்டியில் வைத்தான். பின்னால் நினைக்கும்போதெல்லாம் அதுதான் அவனுக்கு ஆறவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, காற்றில் மேடை போய்விட்டது என்று ஓனாவிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவன் பெயரைச் சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். சோளமாவில் புரட்டிப் பொரித்த மீன் ஒரு தட்டு அவன் முன்னாலும் இருந்தது. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டவன் விழுங்க முடியாமல் காகிதக் கைக்குட்டையில் துப்பினான்.

செவ்வாய்க்கிழமை டெல்மர் வீடு திரும்பினான். பாதி ஆளாக வந்திருந்தான். மறுநாள் ராய்ஸைக் கூப்பிட்டு அனுப்பினான். சமையலறை மேசையில் ஒரு படிவம் கிடந்தது. விஷயத்தை ஓனாதான் சொன்னாள். அந்தப் பக்கத்துக் கரையில் இப்போது புது மேடைக்கு அனுமதி கிடையாது. பழைய மேடை காற்றில் அழிந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டு அழிந்தால் அனுமதி அதோடு போச்சு. ஏரி ஆபீசுக்குச் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடை ஆழத்தில்தான் நின்றது என்று பார்த்தவன் எழுதித் தரவேண்டும்.

"அஞ்சு நிமிஷ வேலைடா" என்றான் டெல்மர். மூக்கில் குழாய், ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே ஒரு மூச்சு. நீ கூட இல்லாமல் போயிருந்தால் என் கதி என்ன என்று வேறு சொன்னான். ராய்ஸ் பேனாவை எடுத்தான், வைத்தான்.

ஓனா வேகவைத்த அவரைக்கொட்டையும் சோளரொட்டியும் அவன் முன்னால் வைத்தாள். "சர்ச்சுல உன் மீனப் பத்தித்தான் பேச்சாமே."

டெல்மருக்குச் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. "இவனா? இவன் தூண்டில்ல மாட்டினா மீனுக்கே வெக்கமா இருக்குமே. எங்கடா பிடிச்ச?"

மீன்பிடிக்கிறவன் மீன்பிடிக்கிறவனைக் கேட்கிற கேள்வி. அதில் வேறொன்றும் இல்லை. ஓடை வந்து ஏரியில் சேர்கிற வேறு ஏதாவது இடத்தை ராய்ஸ் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"உன் மேடைக்கு அடியில."

"எப்ப?"

"புதன், வியாழன், வெள்ளி."

டெல்மரின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, பிறகு இறங்கியது. "வெள்ளிக்கிழமை மேடை எங்க இருந்துச்சு?"

ராய்ஸ் சொன்னான். மீன் கலைந்துவிடும் என்று தள்ளாமல் விட்டதைச் சொன்னான். கிளாம்பைக் கழற்றியதையும் சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். ஓனா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"மீனு எவ்வளவு ஆழத்துல நின்னுச்சு?" என்றான் டெல்மர்.

"பன்னண்டு அடி இருக்கும்."

"பெருசா?"

"பெருசுதான்."

டெல்மர் தலையை ஆட்டினான். அவன் திட்டுவான் என்று ராய்ஸ் காத்திருந்தான். திட்ட வேண்டும் என்று ஏங்கினான் என்றே சொல்லலாம். குவாரியில் டெல்மர் வாயைத் திறந்தால் ஃபோர்மேன்கூட ஓடுவான். அந்த வாய் இப்போது மூச்சை மட்டும் இழுத்தது. பிறகு டெல்மர் படிவத்தை ராய்ஸ் பக்கமாகத் திருப்பித் தள்ளினான்.

"போடு கையெழுத்த."

"டெல்மர், நான் ஆபீசுக்குப் போயி தப்பு என்னோடதுன்னு நேராவே சொல்லிர்றேன். உன்மேல ஒண்ணும்..."

"சொல்லிட்டு நீ வீட்டுக்குப் போயி நிம்மதியா தூங்குவ. நான் எங்கடா போயி உக்காருவேன்?"

ராய்ஸ் எழுதினான். வெள்ளிக்கிழமை மாலை மேடை ஆழமான தண்ணீரில், நான்கு வடமும் இறுக்கிக் கட்டிய நிலையில் இருந்ததைக் கண்ணால் கண்டேன். கீழே பெயர், தேதி. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுத்து பெரிதுபெரிதாய் விழுந்தது. அதற்கும் கீழே, அவன் கையெழுத்துப் போட்டதற்குச் சாட்சியாக இன்னொருவர் போட ஒரு கோடு இருந்தது. டெல்மர் மனைவியைப் பார்த்தான். ஓனா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள், ஒன்றையும் படிக்காமல் போட்டாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிறவள் அவள். அவள் கையெழுத்துப் போடும்போது ராய்ஸால் அங்கே பார்க்க முடியவில்லை.

இரும்பு, மரம், மிதவை எல்லாம் தன் செலவு, வெல்டிங்கும் தானே வைப்பதாக ராய்ஸ் சொன்னான்.

"கட்டிக் குடு" என்றான் டெல்மர், ஜன்னலைப் பார்த்தபடி. "கட்டி முடிச்சப்புறம் உன் படகு இந்தப் பக்கம் வரக்கூடாது."

ராய்ஸ் எழுந்தான். சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது. நாளைக் காலையில் வேலையைத் தொடங்க வரட்டுமா என்று டெல்மரைத்தான் கேட்டான். டெல்மர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. வாசல்வரை வந்த ஓனா கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மணிக்கு வா. அவர் எந்திரிக்க எட்டாவும். அதுக்குள்ள போயிரு."