நகோயாவில் இறங்கிய சேஷன் மாமா

1

இந்தக் கதை என் யோசனை அல்ல. கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் என் அடுத்த வீட்டுக்காரரான சேஷன் மாமா கேட்டுக்கொண்டது. அவர் மனைவி விஜயம் மாமி தவறிப்போய் ஐந்து மாதமாகிறது.

"ஆஷா, நீ கதையெல்லாம் எழுதறயோல்லியோ, எங்க ஜப்பான் யாத்திரையை எழுதேன். ஒண்ணு மட்டும். அதுல நான் நகோயாவுல இறங்கப்படாது, கேட்டியா?"

2

முதல் தொடக்கம்: 'மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில்…' வேண்டாம், டூர் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: சென்னைக்கு ரயிலில் போனால் மாமா நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை எதையும் விடமாட்டார். இறங்கித் தண்ணீர் பிடிப்பார். வண்டி அசைந்த பிறகுதான் ஏறுவார். அதில் ஒரு கெத்து.* "உள்ளேயே இருங்கோளேன்" என்று மாமி நாற்பது வருஷம் சொல்லிப் பார்த்தார்.

(*கெத்து என் சொல். மாமி 'அசட்டுத்தனம்' என்பார்.)

கியோட்டோ போகிற புல்லட் ரயில் நகோயாவில் நின்றது. மாமா பாட்டிலோடு இறங்கினார். அங்கே நிறுத்தம் ஒரு நிமிடமோ என்னவோ, கதவு மூடிக்கொண்டது. இரண்டு பேரின் போனும் பாஸ்போர்ட்டும் மாமாவின் தோள்பையில். மாமி தனியாகப் போய்விட்டார்.

3

மாமா இறங்காத மாதிரி எழுதி வாசித்துக் காட்டினேன். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரமாகக் கியோட்டோ சேர்கிறார்கள். மாமா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா அவ சிரிக்கலையே."

மிச்சத்தை அப்போதுதான் சொன்னார். அடுத்த ரயிலில் பதறிப்போய் இறங்கினால், கியோட்டோ பிளாட்பார பெஞ்சில் மாமி, பக்கத்தில் காவலுக்கு ஒரு ஸ்டேஷன்காரர். மாமி இவரையும் காலி பாட்டிலையும் பார்த்தார்.

"ஏன்னா, ஜலம் கிடைச்சுதா?"

கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

"அந்தச் சிரிப்பு வேணும்டி. என்னை இறக்கிடு."

"பின்னே எங்கே இறங்கப்படாது மாமா?"

"ஆஸ்பத்திரியில. ஜப்பான்ல அந்தப் பழக்கத்தை விட்டிருந்தா, இங்கயும் இறங்கியிருக்க மாட்டேனோன்னு…"

4

[இந்தப் பகுதியை நாலு தடவை அடித்துவிட்டேன்.]

ஊர் திரும்பிய மூன்றாம் மாதம். மாமி ஆஸ்பத்திரியில், நாலாவது மாடி. நர்ஸ் வெந்நீர் கேட்டார், கேன்டீன் கீழே. மாமா பிளாஸ்க்கோடு லிப்டில் இறங்கினார். திரும்பி வந்தபோது, ஜலம் கிடைச்சுதா என்று கேட்க

இல்லை. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. மாமியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

5

ஆகவே இங்கே நிறுத்தியிருக்கிறேன்: லிப்ட் வந்துவிட்டது. கதவு திறந்திருக்கிறது. மாமா காலி பிளாஸ்க்கோடு வெளியே நிற்கிறார். அறையில் மாமி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், மாமாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

தினமும் சாயங்காலம் என் வாசலில் வந்து நிற்கிறார்.

"லிப்ட் மூடிடுத்தா ஆஷா?"

"இன்னும் இல்லை மாமா."