கண் எழுதியவள்

ஊழியக் கமிட்டியார் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. எட்டரைக்கு அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைத் துளியும் சிந்தாமல் கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து கைகூப்பினாள். நான் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன். அந்த மாதத்தில் அது எத்தனையாவது டம்ளரோ. காலையில் முதலில் பிடிக்கிற தண்ணீர் புத்தருக்கு, பிறகுதான் மனுஷர் வாய்க்கு என்பது அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் இருந்த வழக்கம். ஞானஸ்நானம் எடுத்தபோது விட்டாள். முப்பத்தாறு வருஷம் கழித்து, எங்கள் பெயர்களே அவளுக்கு நழுவிக்கொண்டிருந்த நேரத்தில், இது மட்டும் வழி தவறாமல் திரும்பி வந்துவிட்டது. அன்று புத்தர் இருந்த மூலையில் இன்று ஃப்ரிட்ஜ் இருப்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"அப்பா பாக்குறதுக்குள்ள கைய எறக்கும்மா" என்றேன்.

"ஏன், அவருக்குத் தாகம் எடுக்காதா?" என்றாள். எவருக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் புத்தர் சிலைப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அப்பா அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்து, ஓரத்துப் பிசிறைத் தேய்ப்பார். வேறு இரண்டு பேர் அங்கியும் உதடும் தீட்டுவார்கள். கடைசியில் கண் எழுதுவது அம்மா. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கண்ணில் ஒரு புள்ளி, வலது கண்ணில் ஒரு புள்ளி, எழுதியதைத் திருத்தமாட்டாள். கண் எழுதும்வரை அப்பா புத்தர்களைக் கைக்கு இரண்டாகக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப்போவார், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எழுதிய பிறகு அம்மா அதை இரண்டு கையாலும்தான் எடுப்பாள். "கண்ணு வைக்கிற வரைக்கும் அது மாவு" என்பாள். "அப்புறம் அது நம்மளப் பாக்குது."

எனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து பதினொரு நாள் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா, சபையிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்து என் தலைமாட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தார். அன்று சாயங்காலம் காய்ச்சல் விட்டது. அதிலிருந்து எங்கள் வீடு வேறு வீடு. அப்பா பட்டறை வேலையை விட்டார், வேதாகமப் பள்ளியில் சேர்ந்தார், பிரசங்கியானார். ஊர் ஊராக எங்களையும் கூட்டிப் போனார். அம்மா மேடையேறிச் சாட்சி சொல்வாள்: "எம் புள்ளை மூச்சு விடாம கெடந்தப்போ, வீட்ல இருந்த புத்தர் சிலையைத் தூக்கிட்டுப் போயி, துணி துவைக்கிற கல்லுல என் கையாலேயே உடைச்சேன். அது உடைஞ்ச சத்தம் கேட்டதும் எம் புள்ளை கண்ண முழிச்சு, பசிக்குதும்மான்னு சொல்லிச்சு." கூட்டம் விம்மும். உடனே அப்பா என் பக்கம் கையை நீட்டி, "இதோ அந்தப் பிள்ளை" என்பார். நான் எழுந்து நிற்பேன். முதல் நரை விழுந்த வருஷமும் அந்தப் பிள்ளையாகவே எழுந்து நின்றேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், கர்த்தர் ஒரு காரியத்துக்காக இவளை வைத்திருக்கிறார் என்று அப்பா சொல்லிவிட்டார். காரியம் வருவதற்குள் எனக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

அப்பாவுக்கு ஒரே ஆசைதான். எல்லைக்கு அப்பால் மலைக்கிராமங்களில், நாங்கள் விட்டு வந்த மார்க்கத்தில் இன்னும் இருக்கிற ஜனங்களிடம் போய், அங்கேயே தங்கி ஊழியம் செய்யவேண்டும். மூன்று முறை விண்ணப்பித்துக் கை நழுவிப்போயிற்று. அறுபத்தேழு வயதில் இது கடைசி. போகிற குடும்பம் ஒருமனமாக இருக்கவேண்டும், மனைவி தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடவேண்டும் என்பது கமிட்டியின் விதி. "உங்கம்மா அந்தச் சாட்சி நாலு வரிய சொன்னாப் போதும் பாப்பா" என்று ஒரு வாரமாக அவளை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல நாட்களில் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; கூட ஒரு டாக்டரம்மா, குறிப்பெழுத ஒருவர். எல்லோருக்கும் டீ கொடுத்தேன். அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். தலைவர் அம்மாவிடம் குனிந்து, "அந்தச் சிலைய என்ன பண்ணீங்க? எங்களுக்கும் சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படித் தெளிவாக அவள் பேசிக் கேட்டு ஒரு வருஷம் இருக்கும்.

"நான் எங்கய்யா உடைச்சேன்? என் கையால கண்ணு எழுதினது. அது பாத்துட்டு இருக்கையில எப்படி உடைக்கிறது? பாப்பாவோட மஞ்சக் கவுன்ல சுத்தி, பட்டறைக்கே கொண்டுபோயி மத்ததோட மத்ததா வச்சிட்டு வந்துட்டேன். உடைச்சேன்னு இவரு எழுதிக் குடுத்தாரு. புள்ளை பொழச்சுதே, அந்த நன்றிக்கு நானும் சொன்னேன். ஏசப்பா ஒண்ணும் கோவிச்சுக்கல. அவருக்குத் தெரியாததா?"

குறிப்பெழுதுகிறவரின் பேனா நின்றுவிட்டது. தலைவர் அப்பாவைப் பார்த்தார்.

"அவளுக்குப் புத்தி பேதலிச்சு ரெண்டு வருஷமாச்சுங்க" என்றார் அப்பா. "என்ன பேசுறோம்னே அவளுக்குத் தெரியாது."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "கூடவே இருக்கிறது நீங்கதானே. நீங்க சொல்லுங்க சகோதரி."

மஞ்சள் கவுன் எனக்கு நினைவிருந்தது. பையில் வாத்து தைத்த கவுன். காய்ச்சல் விட்டு எழுந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன். கொடியிலிருந்து காற்றில் பறந்துபோச்சு என்றாள் அம்மா. இரண்டு நாள் அழுதேன். இப்போது அப்பாவைப் பார்த்தேன். அவர் கை மேல் பொத்தானிலேயே இருந்தது.

"ஆமாங்க" என்றேன். "அம்மாவுக்கு நெனவு சரியில்ல."

அந்த வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. பெரியவர்கள் சொல்லிவிட்டால் சரி என்கிற மாதிரி தலையாட்டி, "சரி, அப்படின்னா சரி" என்றாள்.

நினைவு தவறியவளின் அறிக்கை தேவையில்லை என்றும், சபையின் முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு ஓர் இடம் வாங்கித் தருவதாகவும், அப்பாவும் நானும் மாதக் கடைசியில் புறப்படலாம் என்றும் முடிவாயிற்று. நல்ல மனிதர்கள். போகும்போது தலைவர் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். அவர்கள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இருக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவிடம் கேட்டேன். "கவுன் விஷயம் உங்களுக்குத் தெரியுமாப்பா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுநாளே தெரியும். கணக்குத் தீர்த்துட்டு வர பட்டறைக்குப் போனேன்ல. நூறு சிலைக்கு நடுவுல வச்சாலும் அவ எழுதின கண்ணு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்?"

"அவ உடைச்சான்னு சொன்னாத்தான் பாப்பா ஜனங்க அழறாங்க." கண்ணாடியை மறுபடி மாட்டினார். "எத்தனை பேரு மனந்திரும்புனாங்க. அதெல்லாம் பொய்யா, சொல்லு?"

நானும் அழுதவர்களில் ஒருத்திதான். இப்போதும் ஜெபிக்கிறவள்தான். அவர் தோளைத் தொடலாமா என்று யோசித்தேன், தொடவில்லை.

முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. இரும்பு அலமாரி ஒன்று, அதற்குச் சாவி இல்லை. அவளுடைய ஆறு புடவையையும் மடித்து வைத்தேன். அப்பா அவள் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வேனுக்குப் போய்விட்டார். என் பெட்டியும் வேனில்தான் இருந்தது. இல்லத்தில் தந்த டீயை அம்மா குடிக்காமல் மடியில் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பட்டுமாம்மா?"

அவள் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"இதுக்கு யாரும் எழுதாமலே விட்டுட்டாங்களே" என்றாள். "கண்ண மூடு."

மூடினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது கேட்டது. டீயில் தோய்ந்த விரல் என் இடது இமையில் ஒரு முறை பட்டது, வலது இமையில் ஒரு முறை பட்டது. சூடு இன்னும் ஆறவில்லை.

"ஆடாத. காயட்டும்."

வெளியே ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து, "பாப்பா, நேரமாச்சு" என்று அப்பாவின் குரல். அம்மா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.